மூன்று ஐந்து ரூபாய் நாணயமும் ஒரு மோதல் டிராலிப் பெட்டியும்

எங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்துக்கு வாங்கிய மோதல் டிராலிப் பெட்டி வந்த அன்று சாயங்காலமே, அதிலிருந்த இரண்டு டிராலிகளையும் (டிராக்கில் ஓடவிட்டு மோதவைக்கும் சின்னச் சக்கர வண்டிகள்) கூடையில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் அண்ணாச்சி கடைக்குப் போய் எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். ஒன்று 493 கிராம். இன்னொன்று 511. பெட்டியில் இரண்டுக்குமே 500 கிராம் என்று அச்சடித்திருந்தது. "என்ன டீச்சர், பொம்மைக் காரை எடைக்குப் போடப் போறீங்களா?" என்றார் அண்ணாச்சி. விஷயத்தைச் சொன்னதும் கல்லாவைத் துழாவி, பழைய பித்தளை நிற ஐந்து ரூபாய் நாணயம் மூன்றை எடுத்துக் குறைவான டிராலியின் மேல் அடுக்கினார். தராசு 511 காட்டியது. இப்போதும் அந்த மூன்று நாணயங்கள் டிராலியின் வயிற்றில் செல்லோடேப் போட்டு ஒட்டியபடிதான் இருக்கின்றன. அண்ணாச்சிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்துவிட்டேன்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பழைய மாணவிகள் சேர்ந்து ஆய்வகத்துக்குக் கொடுத்த பணத்தில் இந்த டைனமிக்ஸ் டிராலி செட்டை ஆன்லைனில் வாங்கினோம். ஐந்து மாதமாகப் பயன்படுத்துகிறேன். "எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. இந்தியப் பள்ளி ஆய்வகச் சாமான்கள் நிறைய ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து வருகின்றன, இதுவும் அங்கிருந்து வந்ததுதான். இதே அச்சில் வார்த்த டிராலியை நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள். எனவே நான் சொல்லும் குறையும் நிறையும் உங்களுக்கு வருகிற பெட்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

விலை 11,400 ரூபாய், அனுப்பும் செலவு தனி. உள்ளே இருந்தவை: 60 சென்டிமீட்டரில் இரண்டு அலுமினியத் துண்டுகள், இரண்டையும் இணைத்தால் 120 சென்டிமீட்டர் டிராக், பிளாஸ்டிக் டிராலி இரண்டு, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் நீளம், ஒரு டிராலியில் பொத்தானைத் தட்டினால் வெளியே பாயும் ஸ்பிரிங் கம்பி, மூக்கில் ஒருபுறம் காந்தம், மறுபுறம் ஒட்டும் வெல்க்ரோ, 250 கிராம் இரும்புக் கட்டிகள் நான்கு, முனைகளில் தடுப்பு, மட்டம் பார்க்கத் திருகுக் கால்கள். அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு கையேடு. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலில் மானம் போன கதை. தலைமையாசிரியை அம்மாவை ஆய்வகத்துக்கு அழைத்து வந்து, "பாருங்கம்மா, காந்தம் ஒன்றையொன்று தள்ளும், வண்டி தொடாமலேயே திரும்பிப் போகும்" என்று பெருமையாகச் சொல்லி ஒரு டிராலியைத் தள்ளினேன். போன வேகத்தில் 'டக்'கென்று இரண்டும் ஒட்டிக்கொண்டன. கம்பெனியில் ஒரு டிராலியின் காந்தத்தைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டார். லேப் அண்ணன் திருப்புளியால் மூடியைக் கழற்றிக் காந்தத்தைத் திருப்பிப் போட்டார், ஐந்து நிமிட வேலை. ஆனால் வாங்கியவர்தான் அதைச் செய்ய வேண்டும் என்றால் பிறகு எதற்குக் 'குவாலிட்டி செக்டு' ஸ்டிக்கர்?

இரும்புக் கட்டிகளும் 250 இல்லை, ஒவ்வொன்றும் 238 கிராம். இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நான்கும் ஒரே மாதிரி 238 இருந்தன, அது போதும். 250 என்று நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு, விடை ஏன் ஒத்துவரவில்லை என்று மாணவி தலையைப் பிய்த்துக்கொள்வதுதான் ஆபத்து. எதையும் தராசில் வைக்காமல் நம்பாதே என்று அவர்களுக்கே பழக்கமாகிவிட்டது. இப்போது ஸ்கேலைக் கொடுத்தால்கூட இன்னொரு ஸ்கேலோடு வைத்துப் பார்க்கிறார்கள்.

டிராக்கின் இணைப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு மேடு. ஒவ்வொரு முறையும் டிராலி அந்த இடத்தில் 'டிக்' என்று ஏறி இறங்கும். தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து வைத்ததும் சரியாகிவிட்டது. திருகுக் கால்களை நம்பி மட்டம் பார்க்காதீர்கள், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மட்டம் சரியா என்று கடைசியாகப் பார்க்க டிராலியையே நடு டிராக்கில் விட்டுவிடலாம், அது எந்தப் பக்கமும் நகராமல் நின்றால் சரி.

உண்மையான குறை ஒரு டிராலியின் சக்கரத்தில். ஒரு வண்டி மெல்லத் தள்ளினாலும் டிராக் முழுக்க ஓடித் தடுப்பில் மோதித் திரும்பி வருகிறது. இன்னொன்று முக்கால் தூரத்திலேயே மூச்சு வாங்கி நிற்கிறது. பின்சக்கரம் ஒன்றின் பேரிங் இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்ட பிறகு முன்னைக்கு இப்போது பரவாயில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு முறை எடுத்தவருக்கு டிராலி என்றால் என்னவென்றே தெரியவில்லை. மூன்றாவது முறை பேசியவர் மரியாதையாகக் கேட்டு, வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பச் சொன்னார். மூன்று வாரம் கழித்து ஒரு ஜோடிச் சக்கரம் தபாலில் வந்தது, காசு கேட்கவில்லை. அதை நல்லதாகத்தான் சொல்ல வேண்டும்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

வெல்க்ரோ மோதல் இந்தப் பெட்டியில் நன்றாக வேலை செய்கிறது. நிற்கும் டிராலியின் மேல் இன்னொன்றைத் தள்ளினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நகர்கின்றன. வேகத்தைப் பார்க்கக் கணக்கு டீச்சருடைய போனை வாங்கினேன், அதில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருக்கிறது. டிராக்கின் ஓரத்தில் தையல்காரர் டேப்பை ஒட்டி, போனை நேர் எதிரே ஸ்டூலில் நிறுத்திவிட்டு, ஃபிரேம் ஃபிரேமாக எண்ண வேண்டியதுதான். மோதலுக்கு முன் 10 சென்டிமீட்டர் கடக்க 40 ஃபிரேம், அதாவது நொடிக்கு 0.60 மீட்டர். மோதிய பிறகு அதே 10 சென்டிமீட்டருக்கு 82 ஃபிரேம், நொடிக்கு 0.293 மீட்டர். 0.511 கிலோவை 0.60-ஆல் பெருக்கினால் முன்னால் இருந்த உந்தம் (நிறை பெருக்கல் வேகம்) 0.307, 1.022 கிலோவை 0.293-ஆல் பெருக்கினால் பின்னால் 0.299. நூற்றுக்கு இரண்டரை கூடக் குறையவில்லை, அந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டே! இயக்க ஆற்றலோ 0.092 ஜூலிலிருந்து 0.044 ஜூலுக்கு, பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உந்தம் மாறவில்லை, ஆற்றல் பாதி போய்விட்டது என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! பிள்ளைகள் தாங்களே ஃபிரேம் எண்ணி இந்த இரண்டு ஜோடி எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய அன்றுதான் "மிச்ச ஆற்றல் எங்க டீச்சர் போச்சு?" என்ற கேள்வி வந்தது. வெல்க்ரோ ஒட்டும்போது வருகிற 'கிரிச்' சத்தத்தை இன்னொரு முறை கேட்கச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை: சில போன்களில் ஸ்லோமோஷன் என்று போட்டிருந்தாலும் இடையில் ஃபிரேம்களைத் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். முதலில் ஒரு ஸ்டாப்வாட்ச்சைப் படம் பிடித்து, ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அளக்கும் 10 சென்டிமீட்டருக்குள் டிராக்கின் இணைப்பு வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காந்த மோதலுக்கு வகுப்பே கை தட்டும். ஒரே நிறையுள்ள இரண்டில் ஓடி வந்தது அப்படியே நின்றுவிட, நின்றது கிளம்பிப் போகும். கேரம் ஆடுகிற பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. காயின் நேராகக் காயின்மேல் பட்டால் ஓடி வந்தது நிற்கும், அடி வாங்கியது போகும். ஸ்ட்ரைக்கர் மட்டும் நிற்காது, பின்னாலேயே வரும், பாக்கெட்டிலும் விழுந்து தொலைக்கும். காயின் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம் என்பது போட்டி விதி. டிராலியில் இரும்புக் கட்டியை ஏற்றிவிட்டு இதையே செய்து காட்டினால் கேரம் போர்டு கண்முன் வந்துவிடுகிறது. இலேசான டிராலி கனமானதில் மோதினால் பின்னால் திரும்புவதையும் அப்போதே காட்டிவிடலாம்.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பிரிங் கம்பிதான். இரண்டு டிராலிகளையும் மூக்கோடு மூக்கு வைத்து, கம்பியை உள்ளே அழுத்தி, பொத்தானை ஸ்கேலால் தட்டினால் இரண்டும் எதிரெதிராகப் பாய்கின்றன. ஸ்டாப்வாட்ச் வேண்டாம், போனும் வேண்டாம், காதே போதும். இரு முனைத் தடுப்புகளிலும் ஒரே நேரத்தில் மோதி ஒரே ஒரு 'டக்' சத்தம் வரும்படி டிராலிகளைக் கிளம்பும் இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. சம நிறை என்றால் நட்டநடுவில் வைத்தால் போதும். ஒன்றை இரண்டு மடங்கு கனமாக்கினால் எங்கே வைப்பது? இரண்டு கட்டி சேர்த்தும் 987 கிராம்தான் வந்தது, 1,022 ஆக 35 கிராம் குறை. ஒருத்தி பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து வைத்தாள், எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்! டிராலிகளின் நீளம் போக ஓடக் கிடைக்கும் தூரம் 90 சென்டிமீட்டர். இரண்டு மடங்கு கனமானது பாதி வேகத்தில்தான் போகும், அதனால் உராய்வே இல்லையென்றால் இலேசான வண்டி 60, கனமானது 30 ஓட வேண்டும். எங்களுக்கு ஒற்றை 'டக்' கிடைத்தது 61-க்கும் 29-க்கும். நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, 'டக்-டக்' என்று இரண்டாகக் கேட்டால் "ச்ச்ச" என்பதும், ஒன்றாகக் கேட்டால் கத்துவதும், பக்கத்து வகுப்புத் தமிழ் ஐயா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அடுத்த பிரிவுக்குச் செய்து காட்டும்போது அந்த 35 கிராமைக் காணோம். யார் தின்றது என்று இதுவரை தெரியவில்லை.

காதை நம்பாதவர்களுக்கு: ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது, ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதில் சத்தத்தைக் கேட்டு ஓடி நிற்கும் ஸ்டாப்வாட்ச் உண்டு. இரண்டு 'டக்'குகளுக்கு நடுவில் எத்தனை நொடி என்று சொல்லிவிடும். குறைந்தபட்ச இடைவெளியை மட்டும் அமைப்பில் குறைத்து வைக்க வேண்டும். பந்து தரையில் துள்ளும் சத்தத்தை வைத்தே ஒவ்வொரு துள்ளலிலும் எவ்வளவு ஆற்றல் போகிறது என்று கணக்கிடும் பகுதியும் அதில் இருக்கிறது. பெட்டி வாங்கக் காசில்லாத பள்ளிகள் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்போது கையேட்டுக்கு வருகிறேன். அச்சுப்பிழைகளை விடுங்கள், ஓரிடத்தில் நிறைக்கு அலகு நியூட்டன் என்று போட்டிருப்பதையும் விடுங்கள். இந்த ஸ்பிரிங் சோதனையைச் சொல்லிவிட்டு, 'இதனால் இரு டிராலிகள் மீதும் செயல்படும் விசைகள் சமம் என்று நிரூபிக்கப்படுகிறது' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். எனக்கு அங்கேதான் மனத்தாங்கல். கணக்கு என்னவோ சரிதான்: இருவரும் தொட்டுக்கொண்டிருந்த நேரம் ஒன்று, உந்த மாற்றம் சமம், எனவே சராசரி விசையும் சமம். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது என்ன? ஒரு வண்டி வேகமாகப் போகிறது, ஒரு வண்டி மெதுவாகப் போகிறது. "சின்ன வண்டிக்குத்தானே டீச்சர் அதிக அடி?" என்றுதான் அவள் கேட்பாள், கேட்டாள்.

பெட்டியைத் திறக்கும் முன்பே வகுப்பில் ஒரு கேள்வி போட்டிருந்தேன். லாரியும் ஷேர் ஆட்டோவும் நேருக்கு நேர் மோதுகின்றன, யார்மேல் அதிக விசை? நாற்பத்திரண்டு பேரில் நான்கு பேர்தான் 'சமம்' என்று கை தூக்கினார்கள், அதில் இரண்டு பேர் நான் எதிர்பார்ப்பது அதுதான் என்று முகத்தைப் பார்த்துத் தூக்கியவர்கள். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைப் பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடமாகச் சொல்லிவிட்டு வந்த பிள்ளைகள் இவர்கள். இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1992-ல் அமெரிக்காவில் ஹெஸ்டினஸ் என்ற இயற்பியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட விசைக் கருத்து வினாத்தாளிலேயே பெரிய டிரக்கும் சின்னக் காரும் மோதும் கேள்வி இருக்கிறது. அங்கேயும் மாணவர்கள் டிரக் பக்கம்தான் சாய்வார்கள் என்று தெரிந்துதான் அதை வைத்தார்கள்.

ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்த பயிற்சியில் விசை சென்சார் பொருத்திய வெளிநாட்டு டிராலிகளைப் பார்த்திருக்கிறேன். பாஸ்கோ, வெர்னியர் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் செய்கின்றன. மோதியதும் கணினித் திரையில் இரண்டு கோடுகள், ஒன்று மேலே எழும்ப, ஒன்று அதே அளவு கீழே இறங்க, தண்ணீரில் தெரியும் பிம்பம் மாதிரி. எவ்வளவு கனத்தை ஏற்றினாலும் அந்த இரண்டு கோடுகளும் பிசகவில்லை. அதைப் பார்த்த கண்ணோடு இந்த 11,400 ரூபாய்ப் பெட்டியைத் திறந்தவள் நான். இதில் விசையைக் காட்ட ஒன்றுமே இல்லை.

ஆகவே நாமே செய்துகொண்டோம். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாக்கள் இரண்டு, ஒரே பிராண்டு, ஒரே மாடலாக இருக்க வேண்டும். பேனாக் கூட்டை டிராலியின் மூக்கில் படுக்கைவாக்கில் கட்டி, உள்ளே ஸ்பிரிங், அதில் முட்டுகிற மாதிரி ரீஃபில், அதன் மூக்கு ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு. வெளியே தெரியும் அந்த ரீஃபிலில் சைக்கிள் வால்டியூபிலிருந்து நறுக்கிய சின்ன வளையம் ஒன்றை மாட்டிக் கூட்டின் வாயோடு ஒட்டி நிறுத்தினோம். மோதும்போது ரீஃபில் உள்ளே போகும், வளையம் வாயில் தடுக்கி ரீஃபிலின் மேல் நகரும். ஸ்பிரிங் திரும்பத் தள்ளி ரீஃபில் வெளியே வந்த பிறகு, வளையத்துக்கும் கூட்டின் வாய்க்கும் உள்ள இடைவெளிதான் ஸ்பிரிங் அமுங்கிய தூரம். வளையம் இறுக்கமாக இருந்தால் நகராது, தொளதொளவென்று இருந்தால் தானாக ஓடிவிடும். சரியான வால்டியூப் கிடைக்க மூன்று சைக்கிள் கடை ஏறி இறங்கினார் லேப் அண்ணன்.

முதலில் சம நிறை, ஒன்று நிற்க ஒன்று மோதியது. இரண்டிலும் 6 மில்லிமீட்டர். இதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. பிறகு நான்கு கட்டிகளையும் ஒரே டிராலியில் ஏற்றினோம், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதுதான் லாரி. காலியானது ஷேர் ஆட்டோ. அளப்பதற்கு முன் எழுதி வைக்கச் சொன்னேன். பெரும்பாலோர் ஆட்டோ ஸ்பிரிங் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ அமுங்கும் என்று எழுதினார்கள். லாரி வந்து ஆட்டோவை இடித்தது. இரண்டு பேர் குனிந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள். 7, 7. நம்பவில்லை, இடம் மாறி நின்று அளந்தார்கள். 7, 7. ஆட்டோவைக் கொண்டுபோய் நிற்கும் லாரியின் மேல் விட்டார்கள். இரண்டையும் எதிரெதிராகத் தள்ளினார்கள், அளவு கூடியது, ஆனால் இரண்டிலும் ஒன்றாகவே கூடியது. ஒரு தடவை மட்டும் 7-ம் 8-ம் வந்தது, வளையம் ரீஃபிலின் மசியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மூன்றாவது பெஞ்சில் எப்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை வாயைத் திறந்தாள். "ரெண்டு ஸ்பிரிங்கும் ஒண்ணையொண்ணுதான டீச்சர் தள்ளிக்கிடுது? பெறகு எப்படி ஒண்ணு கூட அமுங்கும், ஒண்ணு கொறய அமுங்கும்?" பக்கத்தில் இருந்தவள், "அப்போ இது ஏமாத்து வேலை, எப்படி மோதினாலும் சமமாத்தான வரும்" என்றாள். நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அவர்கள் குறை சொல்வதாக நினைத்து மூன்றாம் விதியைச் சொல்லிவிட்டார்கள். "ஏட்டி, அதைத்தான் நானும் ஒரு வாரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றேன். லாரியின் விசை, ஆட்டோவின் விசை என்று தனித்தனியாக இரண்டு இருப்பதாகவும், அவை எப்படியோ ஒத்துப்போவதாகவும் நாம் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். கைகுலுக்கும்போது என் கை உன் கையைத் தொடாமல் உன் கை மட்டும் என் கையைத் தொட முடியுமா?

அப்படியானால் ஆட்டோ ஏன் நொறுங்குகிறது? இதற்குப் பெட்டியிலும் பதில் இல்லை, கையேட்டிலும் இல்லை, சாக்பீஸ் டப்பாவில் இருந்தது. ஆளுக்கொரு சாக்பீஸை இரண்டு டிராலிகளின் மேலும் செங்குத்தாக நிறுத்தினோம், இவர்கள்தான் பயணிகள். லாரி வந்து இடித்ததும் ஆட்டோ சாக்பீஸ் விழுந்து உருண்டு மேசைக்குக் கீழே போய்விட்டது. லாரி சாக்பீஸ் இலேசாக ஆடிவிட்டு நின்றது. அமுக்கம் சமம், ஆட்டோவின் நிறை ஏறக்குறைய மூன்றில் ஒன்று, எனவே அதன் வேக மாற்றம் மூன்று மடங்கு. சாக்பீஸுக்கு விசை எவ்வளவு என்று தெரியாது, தன் காலடியில் இருக்கும் தரை எவ்வளவு வேகமாகப் பறிபோகிறது என்றுதான் தெரியும். அண்ணன் பைக்கில் ஹெல்மெட் போடாமல் போகிறான் என்று ஒருத்தி அன்று வீட்டில் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள்.

இவ்வளவு நோண்டிச் செய்ததில் எனக்கு வெட்கமில்லை. நியூட்டனே இப்படித்தான் செய்தார். 1687-ல் வெளிவந்த தம் பிரின்சிபியா நூலில் மூன்று விதிகளைச் சொன்ன கையோடு, 10 அடி நூலில் குண்டுகளைத் தொங்கவிட்டு மோதவிட்டதை எழுதியிருக்கிறார். எஃகு, கண்ணாடி, தக்கை, இறுகச் சுற்றிய கம்பளி உருண்டை என்று கிடைத்ததையெல்லாம் மோதவிட்டிருக்கிறார். காற்றின் தடையால் ஊசல் எவ்வளவு தூரம் குறைகிறது என்று தனியாகப் பார்த்து அதையும் கணக்கில் கழித்திருக்கிறார். பல அடி தூரம் விழுந்து மோதியும் 3 அங்குலத்துக்கு மேல் பிழை வரவில்லையாம். தமக்கு முன்பே கட்டடக் கலைஞர் ரென் இதே மாதிரி ஊசல் சோதனையை லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் செய்து காட்டியதையும் மறக்காமல் சொல்கிறார். என் 61-29-ஐ அந்த 3 அங்குலத்துக்குப் பக்கத்தில் எழுதிப் போட்டேன், பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றரை கொடுப்பேன். உந்தத்துக்கு நாலரை, விசைக்கு ஒன்று, கையேட்டுக்கு அந்த ஒன்றும் கிடையாது. இயற்பியல் ஆய்வகத்தில் கையில் திருப்புளியும் கொஞ்சம் பொறுமையும் உள்ள ஒருவர் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பெட்டியைத் திறந்ததும் அப்படியே ஓட வேண்டும் என்று நினைப்பவர்கள், அதுவும் இன்ஸ்பெக்‌ஷன் அன்று முதன்முதலாகத் திறக்கலாம் என்று நினைப்பவர்கள், வேண்டாம். ஆறேழு பேருக்கு ஒரு செட் இல்லாவிட்டால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்கு ஒரே ஒரு செட்தான், அதனால் போனை புரஜெக்டரில் இணைத்துத்தான் ஒப்பேற்றுகிறேன். இரண்டாவது செட்டுக்கு இப்போது மறுபடியும் பழைய மாணவிகளிடம் கேட்டிருக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் ரீஃபில் தீர்ந்த பேனா யாருடையதும் இப்போது மிஞ்சுவதில்லை என்பது தனிப் புகார்.

வாங்குகிறவர்கள் 'டெலிவரி ஓகே' கொடுப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: நான்கு சக்கரமும் விரலால் சுண்டினால் சுற்றுகின்றனவா, காந்தம் தள்ளுகிறதா இழுக்கிறதா, இரண்டு டிராலியும் தராசில் என்ன காட்டுகின்றன. கடைக்குப் போகும்போது பையில் ஐந்து ரூபாய்ச் சில்லறை நாலைந்து இருக்கட்டும். எல்லா அண்ணாச்சியும் எங்கள் அண்ணாச்சி மாதிரி கல்லாவைத் திறக்க மாட்டார்கள்.